மலையாளம் தெரியாத பிளம்பர்

நெல்லையப்பனுக்கு மலையாளம் தெரியாது. அன்று காலை எட்டு மணியிலிருந்து தெரியாது.

அதற்கு முந்தைய பதினெட்டு வருஷமும் திருவனந்தபுரத்துக் குழாய்களோடுதான் அவர் காலம் ஓடியது. மீன்காரியிடம் மலையாளத்தில் பேரம் பேசி ஜெயிக்கிற ஆள். ஆனால் காண்டிராக்டர் சிபி கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டான்.

"அந்த ரூமுக்குள்ள பரீட்சைக் கேள்வி தயாராக்குறாங்க அண்ணாச்சி. ஒரு வார்த்தை வெளிய போகப்பிடாது. பைப் போட வர்றவனுக்கு மலையாளமே அறியக் கூடாதுன்னு ஆர்டர். நேத்து ஒரு பெங்காலியைக் கொண்டுபோனேன். அந்தப் பாவி கேட்ல நின்ன போலீசுகிட்ட எலெக்‌ஷனைப் பத்தி நல்ல மலையாளத்துல தர்க்கம் பண்ணிட்டான். அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க."

"நா எப்பம் வந்தேன்னு சொல்லணும்?"

"போன வாரம், வள்ளியூர்லேர்ந்து. யாரு என்ன பேசினாலும் கல்லு மாதிரி இருக்கணும், மனசிலாயோ?"

ஆதார் கார்டில் இன்னும் வள்ளியூர் விலாசமே இருந்தது தோதாகப் போயிற்று.

வேலை நல்லபடி முடிந்தால் அந்தத் தேர்வு அலுவலகத்துக்கு இனி நிரந்தர பிளம்பர் அவர்தான். விடிந்தும் விடியாமலும் கிழக்கேகோட்டையில் பையோடு நின்று, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று கழுத்தை நீட்ட வேண்டாம். ஐம்பத்து நாலு வயசில் அந்த ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பொய் வெளிப்பட்டால் நிரந்தரமாவது ஒன்றாவது, நேரே போலீஸ் ஜீப்தான்.

அறை தரைத்தளத்தில், புதர் மண்டிய தோட்டத்தை ஒட்டி இருந்தது. தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் தோட்டத்திலிருந்து சுவர் வழியாக உள்ளே வர வேண்டும். இரும்புக் குழாயை அப்படியே விட்டால் உள்ளே பேசுவதை வெளியே கடத்திவிடும் என்பதால், சுவரோரம் அதை வெட்டி நடுவில் ரப்பர் இணைப்பு வைக்கச் சொல்லியிருந்தார்கள். சுற்றியுள்ள சந்தில் தீப்பிடிக்காத பஞ்சை அடைத்து, மேலே பசை பூச வேண்டும். எறும்புகூட ஒட்டுக்கேட்க முடியாத ஏற்பாடு.

பாதுகாப்பு அதிகாரி ஹரிகுமார் நாற்காலியை இழுத்துப் போட்டு நெல்லையப்பனின் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டார். கேள்வித்தாள் மறுநாள் அச்சுக்குப் போக வேண்டியிருந்ததால் மேஜையில் வேலை நிற்கவில்லை. அங்கே அஞ்சு என்கிற டீச்சரும் இன்னும் மூன்று பேரும் மலையாளத்தில் கேள்விகளைப் படித்துப் படித்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

பத்தரை மணிக்கு ஃபிளாஸ்க் திறக்கும் சத்தம் கேட்டது.

"சேட்டா, சாயா வேணோ?" என்றாள் அஞ்சு.

நெல்லையப்பன் திரும்பவே இல்லை. இஞ்சி மணம் மூக்கைத் துளைத்தது, பாவி மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவருக்கு ஊற்றியதையும் ஹரிகுமாரே எடுத்துக் குடித்தார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையில் ஒருவர், போன வருஷக் கேள்வி ஒன்றுக்குக் கொடுத்த நாலு விடையுமே தப்பு என்றும், அதற்கும் எண்ணூறு பேர் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அறையே வெடித்துச் சிரித்தது. நெல்லையப்பனுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. அளவு பார்ப்பவர் மாதிரி சுவர்த் துவாரத்தில் வாயை வைத்துத் தோட்டத்துக்குள் சிரித்துத் தீர்த்துவிட்டு வந்தார்.

மூன்று மணிக்குக் குழாய் பொருந்திவிட்டது. கடைசிப் பூச்சுப் பசையைக் கையில் எடுத்தபோது பின்னாலிருந்து ஹரிகுமாரின் குரல் மெல்ல வந்தது.

"டீச்சரே, அனங்கருது. அயாளுடெ காலின்றெ அடுத்து ஒரு பாம்பு."

அசையக் கூடாதாம், நெல்லையப்பனின் காலடியில் பாம்பாம். துவாரம் காலையிலிருந்து திறந்தேதான் கிடந்தது, வெளியே ஒரே புதர். குனிந்து பார்த்தால் பிழைப்பு போயிற்று, பார்க்காவிட்டால் உயிரே போகும்.

இசக்கியம்மனை மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டு, கட்டைவிரலைக்கூட அசைக்காமல், பசையைத் தடவினார். கடித்தாலும் அரசாங்க இடம், ஆஸ்பத்திரிக்காவது தூக்கிக்கொண்டு போவார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

ஒரு நிமிஷம் ஆயிற்று. எதுவும் கடிக்கவில்லை. பசையை வழித்து முடித்துச் சாவகாசமாகத் திரும்பினார்.

தரையில் பாம்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அட, இதுவும் சோதனைதானா! ஜெயித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் துள்ளியவர், முகத்தில் மட்டும் வள்ளியூர் வெகுளியை வைத்துக்கொண்டார்.

"வேல முடிஞ்சிட்டு சார். சொட்டுத் தண்ணியும் வராது, பொட்டுச் சத்தமும் வெளிய போவாது."

ஹரிகுமார் டார்ச் அடித்துச் சுவரைப் பார்த்தார். ரப்பரை அமுக்கிப் பார்த்தார், நாலு படம் எடுத்தார், தலையை ஆட்டினார்.

"நல்ல வேலை," என்றார் தமிழில்.

நெல்லையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஹரிகுமார் நிரந்தர பாஸுக்கான தாளை எடுத்து மேஜையில் வைத்து, பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடப் போனவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு சின்ன சம்சயம் அண்ணாச்சி. பாம்புக்கு உங்க தமிழ்ல என்னவாக்கும் பேரு?"