தலைவர் பரிமாறிய மான்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில மான்வேட்டைச் சங்கத்தின் மேன்மைமிகு தலைவர் ஆர்வின் டெஷ், தாம் சுட்ட மானைச் சங்க விருந்தில் தம் திருக்கரத்தாலேயே பரிமாறினார் என்பதை உலகம் அறியட்டும். மானின் தலையைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார். மூளையில் நோய், சாப்பிட வேண்டாம் என்று விருந்துக்கு முன்பே பதில் வந்தது. கௌரவம் போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

மறுநாள், விருந்துண்ட கர்ட் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"தலைவரே, வாசல்ல ஒரு மான் நிக்குது. எலும்பும் தோலுமா, எச்சில் ஒழுகுது. விரட்டினாலும் போகல."

"இடது கொம்பு ஒடிஞ்சிருக்கா?"

"ஆமா. எப்ப சோசியம் படிச்சீங்க?"

அதன் தலையை அறுத்தவரே ஆர்வின்தான்.

அடுத்து, அதே விருந்தில் சாப்பிட்ட லோயிஸ் வீட்டு வாசலில் நின்றது. பிறகு பாதிரியார் வீட்டில். விருந்துண்ட ஒருவரையும் விடவில்லை. ஆர்வின் தினமும் கதவைத் திறந்து பார்க்கிறார். அவர் வாசலுக்கு மட்டும் அது வருவதில்லை.

விருந்தன்று அவர் உருளைக்கிழங்கு மட்டும்தான் தின்றார்.