பழைய குழாயில் நுரை

மாதுளையின் வேர்தான் கழிவுநீர்க் குழாயை உடைத்திருந்தது. அக்கம்பக்கம் மூக்கைப் பொத்தியும், அந்த மரத்தருகே மண்வெட்டி வைக்க வீட்டுக்காரம்மா சம்மதிக்கவே இல்லை. இறந்துபோன மகள் நட்ட மரம் அது.

"முற்றத்தைத் தோண்டவே வேணாம்மா," என்றார் பிளம்பர். "ரெண்டு முனையில மட்டும் குழி. உள்ளுக்குள்ளயே பழைய குழாயை உடைச்சுக்கிட்டுப் புதுக் குழாய் போயிடும். மரத்துக்குத் தெரியக்கூடத் தெரியாது."

வீட்டுக்குத் தண்ணீர் வரும் மெயின் வால்வை அவரே மூடிவிட்டுக் கேமராவை உள்ளே விட்டார். திரையில் விரிசல் தெரிந்தது. வேர்கள் தெரிந்தன. அப்புறம் வெள்ளை வெள்ளையாக நுரை வந்தது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

"வால்வை மூடியும் வருதே! மாடியில யாரோ குளிக்கிறாங்க போல. நிறுத்தச் சொல்லுங்கம்மா. தண்ணி நின்னாத்தான் புதுக் குழாயை உள்ள இழுக்க முடியும்."

வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை. மாடிக் குளியலறையை மகளுக்குப் பிறகு யாரும் திறந்ததுமில்லை. அவள் படியேறிப் போனாள். கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை. இடுக்கில் ஷாம்பு வாசனை மட்டும் வந்தது.

"காலேஜுக்கு நேரமாச்சுடி, வெளிய வா" என்று தினமும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தித் தட்டிய கதவு. கை தானாக உயர்ந்தது. தட்டாமல் இறக்கிக்கொண்டாள்.

கீழே வந்து, பிளம்பருக்கு மாதுளை நிழலில் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

"கொஞ்சம் உக்காருங்க தம்பி. அவ தலைக்குக் குளிக்கிறா. லேட்டாகும்."