வேலை செய்யாத பட்டன்

"அண்ணே, நீ லிஃப்ட்ல கழட்டின, கதவு மூடற பட்டனைத் திரும்ப மாட்டப் போறேன். மெக்கானிக் வந்துக்கிட்டிருக்கார்."

கதவைத் தட்டாமல் உள்ளே வந்த தங்கை உட்காராமலே சொன்னாள். லிஃப்ட் தயாரிக்கும் அந்த நிறுவனத்துக்கு அவள்தான் முதலாளி. அண்ணன் அங்கே வடிவமைப்பாளர். அலுவலகத்தில் அவருக்குக் 'கழித்தல்' என்று பெயர். எதைப் பார்த்தாலும் அதில் எதை எடுத்துவிடலாம் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். வீட்டில் ஆறு நாற்காலிகளை இரண்டாக்கி, கூடவே விருந்தாளிகளையும் கழித்தவர். ஆனால் தொழிலில் கெட்டிக்காரர். முப்பத்திரண்டு பட்டன்கள் இருந்த பலகையை அவர் பாதியாகக் குறைத்த பிறகுதான், ஜனங்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடாமல் தங்கள் மாடியைக் கண்டுபிடித்தார்கள்.

"தாராளமா மாட்டு. அதே ஸ்குரூடிரைவரால வாசல்ல இருக்கிற என் பேர்ப்பலகையையும் கழட்டச் சொல்லு. நான் கிளம்பறேன்."

"அதுல இருக்கிறதே ஒரே ஒரு எழுத்து. அதையும் கழட்டணுமா? சும்மா மிரட்டாதேண்ணே. ரெண்டு வாரத்துல நாற்பத்தோரு புகார். 'கதவு மூட ரொம்ப நேரமாகுது'ன்னு மூணாவது மாடியே கொதிச்சுப்போய்க் கிடக்கு."

"கதவு எப்பவும் போலத்தான் மூடுது!"

விளக்கம் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்ததும் அவருக்குக் கோபம் மறந்துவிட்டது. ஒரு காகிதத்தை இழுத்துப் படம் போட ஆரம்பித்தார்.

"இங்க பாரு. கதவு திறந்ததும் உள்ள ஒரு டைமர் ஓடும். நாலு வினாடி. நடுவுல யாராவது காலை நீட்டினா, கதவோரத்துல இருக்கிற சென்சார் அதைப் பார்த்துட்டு, திரும்ப ஒண்ணுலேருந்து எண்ண வைக்கும். அவ்வளவுதான் விஷயம். மூடற பட்டனுக்கும் கதவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நம்ம கட்டடத்துல அதுக்கு வயரே கொடுக்கலை. பதினோரு வருஷமா எல்லாரும் வெறும் பிளாஸ்டிக்கைக் குத்திக்கிட்டிருக்காங்க."

"குத்தட்டுமே. உனக்கா வலிக்குது?"

"பொய்ம்மா அது! மூணாவது வினாடியில குத்துவாங்க. நாலாவதுல கதவு தானா மூடும். உடனே என்னவோ இவங்கதான் தள்ளி மூடின மாதிரி ஒரு பெருமை! எல்லாம் படிச்சவங்க வேற."

"அந்தப் பெருமையோட பேசாம மேல போனாங்கல்ல? இப்ப நாலு வினாடியும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. நேத்து நம்ம வக்கீலம்மா கதவைக் கையாலயே இழுத்திருக்காங்க."

"ஒரு பொருள்ல வேலை செய்யாத பாகம் இருக்கவே கூடாது. வடிவமைப்புன்னா அதுதான்."

பேச்சு சூடானாலும் அறை என்னவோ லேசாகச் சில்லிட்டது. அவர் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த ஏசி ரெகுலேட்டரை ஒரு நூலளவு திருப்பினார். 'டிக்' என்றது. இதமாக இருந்தது.

"இதோ, இதையே எடுத்துக்க. ஒரே ஒரு வட்டம். எண் இல்லை, விளக்கு இல்லை, அம்புக்குறி இல்லை. மூணு வருஷத்துல ஒரு நாள் ரிப்பேர் ஆச்சா? புது லிஃப்டோட அறிக்கையில முதல் பக்கத்துலயே இதோட படத்தைத்தான் போட்டிருக்கேன். கழிக்கறதுக்கு எதுவுமே மிச்சமில்லாத பொருள்!"

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்சம் இருமினாள்.

"அது வர்றதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு எட்டுத் தடவை எனக்கு ஃபோன் பண்ணுவே. 'குளிருது', 'வேகுது'ன்னு. சின்ன வயசுல ஃபேனுக்கு அடிச்சுக்கிட்ட மாதிரியே."

"இப்ப பண்றேனா?"

"இல்லைண்ணே. அதுக்கப்புறம் ஒரு புகார்கூட இல்லை."

"பாத்தியா! நல்ல வடிவமைப்புன்னா அப்படித்தான். மனுஷன் வாயை மூட வெச்சிடும்."

வாசலில் மெக்கானிக் வந்து நின்றார். லிஃப்டோ ஏசியோ, அந்தக் கட்டடத்தில் எதற்கும் அவர்தான். ஒரு கையில் ஸ்குரூடிரைவர், மறு கையில் அந்த வெள்ளைப் பட்டன்.

"மேடம், மாட்டிடட்டுமா?"

அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சொல்லு. இந்தக் கட்டடத்துல அந்தப் பட்டன் இருக்கணுமா, நான் இருக்கணுமா?"

தங்கை அவரையும் பையையும் மாறிமாறிப் பார்த்தாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. புது மாடல் இன்னும் பாதிகூட முடியவில்லை. இவரை விட்டால் அதை முடிக்க ஆளும் இல்லை.

"சரி, நீ ஜெயிச்சே. வயர் இல்லாத எதுவும் இந்தக் கட்டடத்துல இருக்கக் கூடாது. அதானே உன் பேச்சு?"

"அதேதான்!"

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. இன்னிக்கே எல்லாத்தையும் எடுத்துடலாம்."

அவர் ஒரே வரியில் எழுதினார். அதிலும் இரண்டு சொற்களை அடித்துக் குறைத்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, வெற்றியோடு காகிதத்தை மெக்கானிக்கிடம் நீட்டினார்.

மெக்கானிக் அதைப் படித்தார். தலையைச் சொறிந்தார். மேடத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

அவர் பட்டனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிக்கங்க சார்" என்று சுவர்ப் பக்கம் போனார். ஸ்குரூடிரைவரை நாலு சுற்றுச் சுற்றினார். ஏசி ரெகுலேட்டர் அப்படியே கையோடு வந்துவிட்டது.

பின்னால் இரண்டு ஆணித் துளைகள். மற்றபடி வெறும் சுவர்.

அண்ணனுக்குக் குப்பென்று வியர்த்தது. அடுத்த நொடியே குளிரவும் செய்தது.

"இதை ஸ்டோர்ல போட்டுடவா சார்?"

"வேணாம்ப்பா" என்றார் அவர், தங்கையின் முகத்தைப் பார்க்காமல். "இருந்த இடத்துலயே மாட்டிடு... ரெண்டையும்."