மாட்டுப் படம் போட்ட டப்பா

டப்பாவில் மாட்டுப் படம் போட்டிருந்தது. அப்புறம் என்ன சந்தேகம்?

துரையின் குதிரைக்குத் தேய்க்கிற தைலத்தில் குதிரைப் படம். நாயைக் குளிப்பாட்டுகிற சோப்பில் நாய்ப் படம். பங்களாவில் கூட்டிப் பெருக்குகிற அழகுத்தாய்க்கு அந்த மட்டில் வெள்ளைக்காரன்மேல் நம்பிக்கை உண்டு. எந்தச் சீவனுக்கு உள்ளதோ அதன் முகத்தைப் போட்டுவிடுவான்.

அதனால்தான் சமையல் நடக்கும் குசினிக்குப் பின்னால் திறக்காமல் நசுங்கிக் கிடந்த டப்பாக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, கூலியாட்கள் குடியிருக்கிற லயத்துக்கு ஓடிவந்தாள்.

லயத்துக் கோடியில் அவளுடைய மயிலைக்காளை படுத்த படுக்கையாய்க் கிடந்தது. கல்யாணச் சீராகக் கன்றிலேயே அவளோடு வந்த மாடு. மலையேறி இந்த ஏலத்தோட்டத்துக்கு வந்தபோது, பிள்ளையில்லாத அவளுக்குப் பிள்ளையும் அதுதான். இஞ்சி, மிளகு, பூண்டு என்று அரைத்து மூங்கில் குழாய்க் கொட்டத்தால் அதன் வாயில் ஊற்றிப் பார்த்தாயிற்று. காதை ஆட்டியதோடு சரி.

காலையில் துரை வந்து பிரம்பால் அதன் விலாவைத் தட்டிப் பார்த்தார். மழை பிடித்ததிலிருந்து அவர் தட்டில் இறைச்சி விழவில்லை என்று பங்களாவே நடுங்கிக்கொண்டிருந்த நேரம். சாயங்காலத்துக்குள் எழும்பாவிட்டால் குசினிக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். மாடு யாருடையது என்று கேட்கவில்லை.

அப்போதுதான் அழகுத்தாய்க்கு அந்த டப்பா ஞாபகம் வந்தது.

அவள் புருஷன் சுடலை வண்டிக்காரன். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள். டப்பாவை வாங்கி அருவாளால் ஒரு போடு போட்டான். அருவாள் வழுக்கிக்கொண்டு போய் விறகில் பாய்ந்தது. கல்லால் குத்தினான். படத்திலிருந்த மாட்டுக்குத்தான் மூக்கு நசுங்கியது. கடப்பாரையை எடுத்தான். அது டப்பாவை விட்டுவிட்டு அவன் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டது.

"சாமி கோயிலுக்கே பகல்ல பூட்டு கிடையாது. ஒரு மருந்துக்கு என்னத்துக்குட்டி இம்புட்டுப் பூட்டு?" என்று நொண்டிக்கொண்டே கத்தினான்.

பக்கத்து வீட்டு வீரபாண்டி குத்தவைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். ஊருக்கு உபதேசம் செய்ய ஒருவன் எங்கேயும் இருப்பானே! "நத்தையச் சுட்டா தானா வெளிய வருதுல்லா. அதே கதைதான். அடுப்புல போடுங்க" என்றான்.

போட்டார்கள். டப்பா உப்பியது. கண்ணை மூடிக்கொண்டு தியானம் பண்ணுகிற பண்டாரம் மாதிரி இன்னும் கொஞ்சம் உப்பியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஓரத்தில் ஊசி நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டு, சொய்ங் என்று ஆவி மட்டும் வந்தது.

வீரபாண்டி எழுந்து ஓடியே போனான்.

அழகுத்தாய் ஈரச் சாக்கால் டப்பாவைப் பிடித்து எடுத்தாள். சாயங்காலம் ஆகிவிட்டது. பங்களாப் பாதையில் பட்லர் மத்தியாஸ் கயிறும் கத்தியுமாய் இறங்கி வருவது தெரிந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏ என் ராசா, குடிக்கத்தான் வழியில்ல. வாசனையாவது புடிய்யா" என்று அதைக் காளையின் மூக்கடியில் வைத்தாள்.

காளை மோந்தது. மறுபடியும் மோந்தது.

அதன் கண் வெள்ளை வெள்ளையாய் உருண்டது. அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். எழவே எழாது என்று எல்லாரும் கைவிட்ட மாடு நாலு காலில் எழுந்து நின்று, கம்பம் ஊரில் புதிதாய் லாடம் அடித்த முன்னங்காலால் டப்பாவை ஓங்கி ஒரு மிதி மிதித்தது. டப்பா பலாப்பழம் மாதிரி பிளந்தது. மாடு வாலைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தது.

"மருந்துன்னா இதுல்லா மருந்து! ஒரு சொட்டு உள்ள போகல!" என்று சுடலை நொண்டிக்கொண்டே ஆடினான்.

மத்தியாஸ் வந்து சேர்ந்தார். ஓடுகிற மாட்டைப் பார்த்தார். பிளந்து கிடந்த டப்பாவைப் பார்த்தார். டப்பா திறக்கிற கருவி ஓடை வெள்ளத்தில் போனதிலிருந்து, அந்தக் குவியலோடு மல்லுக்கட்டிக் கைவிரலெல்லாம் துணி சுற்றியிருந்த மனிதர் அவர். டப்பா மேல் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான்.

சுடலை விரலால் தொட்டு நக்கிப் பார்க்கப் போனான். மத்தியாஸ் பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாதவே! கடும் மருந்து. உங்களுக்கு ஆகாது" என்றார். பிளந்த டப்பாவைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு விரைந்தார்.

அன்றைக்குத் துரை வயிறார இறைச்சி சாப்பிட்டார். மறுநாள் குசினிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுப்பில் போட்டெடுத்த அடுத்த டப்பாவைக் காளை மோந்து மிதிப்பதை வேடிக்கை பார்த்துக் கை தட்டினார். அந்தக் காளைமேல் எவனும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார். வேறு யாருக்கு டப்பா திறக்கத் தெரியும்?

தினமும் ஒரு டப்பா. தினமும் ஒரே கத்தல், ஒரே மிதி. மாடு மெழுகி விட்டதுபோல் மினுமினுத்தது. அழகுத்தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது.

"பட்லரய்யா, எம் மாடு மோந்ததோட சரி. மிச்ச மருந்த என்ன செய்யுதீக?"

மத்தியாஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "துரைக்குத்தான் தாயி குடுக்கேன்."

அழகுத்தாய் திடுக்கிட்டாள். பங்களாவைப் பார்த்தாள். பாவம், கண்காணாத சீமையிலிருந்து வந்த மனுஷன், பெண்டாட்டி பிள்ளை பக்கத்தில் இல்லை.

வெள்ளிக்கிழமை பேச்சியம்மன் கல்லுக்கு முன்னால் இரண்டு தேங்காய் உடைத்தாள். ஒன்று காளை பிழைத்ததற்கு.

மற்றது, துரையைப் பிடித்திருக்கிற அந்த மாட்டுச் சீக்கு சீக்கிரம் இறங்குவதற்கு.