மேல் கொக்கி அசையாது

அன்புச்செல்வன் செய்த இரும்பு ஊஞ்சல் என்னைத் தாங்கினால்தான் என் மகள் கலைமதி அவனுக்கு என்று சொல்லிவிட்டேன்.

"தகடு முழுக்க ஸ்பாட் வெல்டிங், மாமா. கம்ப்யூட்டர்ல ஊஞ்சலை வரைஞ்சு, ஒவ்வொரு வெல்டிங் புள்ளியையும் சேர்த்து, மேல் கொக்கி அசையாதுன்னு கண்டிஷன் கொடுத்து எடை ஏத்திப் பார்த்துட்டேன். ஸ்ரீரங்கத்து யானையே ஆடலாம்."

யானைக்கு நான் சளைத்தவனா? என் வீட்டுக் கூரையில் அவன் மாட்டியிருந்த ஊஞ்சலில் உட்கார்ந்து ஓர் உந்து உந்தினேன். எங்கள் காட்டூரே அதிர்ந்தது.

புழுதி அடங்கியபோது ஊஞ்சலில் ஒரு வெல்டிங்கூட விட்டுப்போகவில்லை. கூரையைத்தான் காணோம்.

"கூரை அசையாதுன்னு யாருப்பா சொன்னா?"

"கம்ப்யூட்டருக்குத்தான் சொன்னேன். உங்க கூரை நிக்காதுன்னு தெரிஞ்சுதானே இங்க மாட்டினேன்" என்றான் மெதுவாக.

எதிரே, இடிந்த கூரையோடு, நாற்காலியும் காப்பியுமாக, எங்களுக்கு நேர் மேலே மாடியில் குடியிருக்கும் ரெங்கராஜ் வந்து இறங்கியிருந்தார். பெண் கேட்டுக் கீழே இறங்கி வரவே மாட்டேன் என்று தை மாதத்திலிருந்து அடம்பிடித்த அன்புச்செல்வனின் அப்பா.