பூட்டிய முதலுதவி

பெங்களூர் லிங்கராஜபுரத்துக் கார்மென்ட்ஸ் ஒன்றில் தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. டியூப்லைட்டின் ரீங்காரம் இப்போதுதான் காதில் விழுகிறது. துணி வெட்டும் கத்தி ரூபனின் முன்கையைக் கிழித்துவிட்டது. மேஜையில் விரித்த நீலத் துணியில் ரத்தம் கறுப்பாய் ஊறுகிறது. முதலுதவிப் பெட்டி பூட்டியிருக்கிறது. சாவி வைத்திருக்கும் ஆபீசர் சாப்பிடப் போயிருக்கிறார். செக்கிங் வேதவல்லி, துணிமேல் பாரம் வைக்கிற இரும்புக் கட்டையை எடுத்துப் பூட்டை அடிக்கிறாள். மூன்றாவது அடியில் திறக்கிறது. உள்ளே காய்ந்த களிம்பு, இரண்டே பிளாஸ்டர், செத்த கரப்பான் ஒன்று. இதற்குத்தான் இத்தனை பெரிய பூட்டு. பேக்கிங்குக்கு மடித்த வெள்ளைச் சட்டை ஒன்றைக் காயத்தில் வைத்து, ரூபனின் கையை உயர்த்திப் பிடித்து, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்துகிறாள். "பேடா, பேடா! வேண்டாம்மா, நாளைக்கு ஷிப்மென்ட் அது!" சூப்பர்வைசர் கிரீஷ் கன்னடமும் தமிழுமாகக் கத்திக்கொண்டு ஓடி வருகிறார். "ஊறிடுச்சு. இது மேலேயே இன்னொரு சட்டை வைடி" என்கிறாள் வேதவல்லி, பக்கத்தில் நிற்பவளிடம். அழுத்திய கையை எடுக்கவில்லை. குறையுள்ள சட்டைகளில் அவள் ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கர் சுருள் கழுத்தில் தொங்கி ஆடுகிறது. "சார், என் ரெண்டு கையும் வேலையா இருக்கு. இந்த ஸ்டிக்கர்ல ஒண்ணைக் கிழிச்சு அந்த மருந்துப் பெட்டி மேல நீங்களே ஒட்டிடுங்க."