சைலஸ் ஹேட்ச் பலகையைச் சாய்த்தவர்

"அந்த மனுஷன் இங்கிலாந்து ராஜாவையே எதிர்த்து நின்னாரு ரெனே. நீ ஒரு கம்பத்தைத் தாண்டி வண்டி ஓட்டத் தெரியாம அவர் பலகையை இடிச்சுத் தள்ளியிருக்கே."

கோல்பி டீச்சர் கைத்தடியால் தரையைத் தட்டினார். ரெனே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடியுமுன் எழுந்து ஊர்ச்சாலை முழுக்க வண்டியால் பனி தள்ளிவிட்டு நேராக நகர அலுவலகத்துக்கு வந்தவர். கண் சொருகியது.

நியூ ஹாம்ப்ஷயரின் இந்த மூலையில் எங்கள் ஊருக்கு இருப்பது ஒரே பெருமைதான். அமெரிக்க விடுதலைப் போர்க்காலத் தலைவர் சைலஸ் ஹேட்ச் இங்கே பிறந்தார். அவர் பிறந்த வீடு எப்போதோ எரிந்துபோயிற்று. அதைச் சொல்லும் இரும்புப் பலகை மட்டும் சாலையோரம் நின்றது. அதை வைக்கச் சொல்லி ஒன்பது வருஷம் மனு எழுதியவர் கோல்பி டீச்சர். குடியிருப்பதும் அதற்கு எதிர்வீட்டில்.

செவ்வாய்க்கிழமை காலை பலகை மல்லாந்து கிடந்தது.

எங்கள் ஊரில் பனிக்காலத்தில் எந்தக் கம்பம் சாய்ந்தாலும் பழி பனி தள்ளும் வண்டிமேல்தான். பாதி நேரம் அது உண்மையும்கூட.

"ரெனே, நீதானா?" என்றார் சாலைத்துறை மேலாளர் கர்ட். "தபால்பெட்டியை இடிச்சதுக்கு ஏற்கெனவே ரெண்டு புகார் இருக்கு. இது மூணாவது. ஆமான்னா நான் சாவியை வாங்கியாகணும். ரிட்டயர் ஆகிற வரைக்கும் குப்பைக் கிடங்கு வாசல்லதான் நிக்கணும். யோசிச்சுச் சொல்லு."

இருபத்தாறு குளிர்காலம் ஓட்டிய வண்டி. ரெனே தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நான்தான். பனியில தெரியல."

"தெரியலயாம்" என்றார் டீச்சர். "நாலாம் வகுப்புலயும் இதே முழிதான். எனக்கு எண்பத்துமூணு வயசு. நான் ஓட்டலையா? என் அண்ணன் மகன் காத்துக்கிட்டே இருக்கான், நான் எங்கயாவது லேசா இடிச்சாப் போதும், சாவியைப் பிடுங்கிட்டு முதியோர் இல்லத்துல கொண்டுபோய்ப் போட. நடக்குமா? காருல ஒரு கீறல் விழுந்ததில்ல."

ரெனே சாவியை மேசைமேல் வைத்தார். கர்ட் அதை எடுக்க மனமில்லாமல் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்தார்.

வாசலில் டீச்சர் காரில் ஏறிக்கொண்டிருந்தபோது ரெனே அருகில் போனார்.

"டீச்சர், குப்பைக் கிடங்கு பத்து மணிக்குத்தான் திறக்கும். அதுவரைக்கும் நான் சும்மாதான். கடைக்கு, சர்ச்சுக்கு நானே கூட்டிட்டுப் போறேனே. ஐஸ் உருகற வரைக்குமாவது."

"நீ ஓட்டற லட்சணத்துலயா? எனக்கு உயிர்மேல ஆசை இருக்குப்பா."

"சரி, நாளைக்கும் வந்து கேக்கறேன்."

"கேளு. கேக்கறதுக்கு லைசென்ஸ் வேண்டாம்."

கதவு சாத்திக்கொண்டது. கார் உறுமியது. ரெனே பனியில் கால் இழுபட நடந்து அதன் பின்னால் போய் நின்றார்.

"வாங்க டீச்சர்... வரலாம்... இடது பக்கம் கம்பம். போதும், ஒடிங்க."

ஒரு கைதான் காட்டியது. இன்னொரு கை கோட்டுப் பைக்குள் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, வேறு யாரும் பார்க்குமுன் பலகையின் அடியிலிருந்து அவர் பொறுக்கிய சிவப்பு பிளாஸ்டிக் சில்லுகள் அந்தப் பையில்தான் இருந்தன. அவரைத் தாண்டிப் போன காரில் இடது பக்கப் பின்விளக்கு இல்லை.